அலமாரி நீளுது, பலகை தாங்குமா? பாராமீட்டர் மாடல்கள் பற்றிச் சில குறிப்புகள்

கணினியில் மரச்சாமான் வரையச் சொல்லித்தரும் வீடியோக்களில் ஒரு காட்சி பெரும்பாலும் வந்துவிடும். திரையில் ஒரு புத்தக அலமாரி நிற்கும். பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் அகலம் 750 என்று இருப்பதை 1500 என்று மாற்றுவார்கள். அலமாரி சட்டென்று இரண்டு மடங்கு விரியும். தட்டு, பின்பலகை, காடி எல்லாம் கூடவே விரியும். பாராமீட்டர் வைத்து வரைந்தால் மாற்றுவது எவ்வளவு சுலபம் பாருங்க என்று சொல்லி வீடியோவை முடித்துவிடுவார்கள்.

எனக்கு அதற்குப் பிறகுதான் கேள்வியே. அந்த 1500 மி.மீ. அலமாரியை ஒருவர் நிஜமாகவே செய்து புத்தகம் அடுக்கினால் என்ன ஆகும்?

இரண்டு முனையிலும் தாங்கி, மேலே சீராகப் பாரம் ஏற்றிய பலகை நடுவில் எவ்வளவு தொய்யும் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரத்தின் நான்காம் அடுக்கில் தொய்வு ஏறும். பலகைக் கனத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். அப்படிப் பார்த்தால், 750 மி.மீ. தட்டை 1000 ஆக்கினாலே தொய்வு 3 மடங்குக்கு மேல் போய்விடும், அடிக்கு அடி அதே எடைப் புத்தகம்தான் என்றாலும். 1500 ஆக்கினால் 16 மடங்கு. சரி, பலகையைக் கனமாக்கிடலாமே என்றால், 18 மி.மீ.க்குப் பதில் 25 போட்டால் விறைப்பு சுமார் 2.7 மடங்குதான் கூடும். 16 எங்கே, 2.7 எங்கே? போதாததற்கு, பிளைவுட்டும் பார்ட்டிக்கிள் போர்டும் நாள்பட்ட பாரத்தில் மெதுவாக இன்னும் தொய்ந்துகொண்டே போகும். இன்றைக்கு அளந்த தொய்வு அடுத்த வருஷம் அப்படியே இருக்காது.

இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைச் செய்தது. மாடலை எழுதியவர் மீதுதான் என் விமர்சனம். 'அகலம்' என்ற ஒரு எண்ணை அட்டவணையில் வைத்தவர், அது எதுவரை போகலாம், போனால் வேறு எது மாறணும் என்பதை எங்கேயும் எழுதவில்லை.

உறவு முதலில், எண் பிறகு

பாராமீட்டருக்குத் தமிழில் அளபுரு என்ற கலைச்சொல் உண்டு. பட்டறையிலும் சரி, வகுப்பிலும் சரி, பாராமீட்டர் என்றே புழங்குவதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த யோசனையின் வேர் 1963இல் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட் அது. ஒளிப்பேனாவால் திரையில் கோணல்மாணலாகக் கோடு போடலாம். அப்புறம் இந்த இரண்டு கோடும் இணையாக இருக்கணும், இவை சம நீளமாக இருக்கணும் என்று கட்டுப்பாடு விதிக்கலாம். கணினி அதற்கேற்பப் படத்தைச் சரிசெய்யும். இதில் முதல் இடம் கோடுகளுக்கு நடுவே உள்ள உறவுக்குத்தான். அளவு அதற்குப் பின்னால் வரும். 1980களின் இறுதியில் ப்ரோ/எஞ்சினியர் இந்த வழியை இயந்திர வரைவுத் தொழிலுக்குள் கொண்டுவந்தது. இன்றைக்கு ஃப்யூஷன், ஃப்ரீகேட் போன்றவற்றில் ஒரு மாணவர் வீட்டிலிருந்தே இதைச் செய்ய முடிகிறது.

ஆனால் மரச்சாமானுக்கு இது வந்து சேர்ந்த விதத்தில் பாதி வழியிலேயே உறவு கழன்றுவிட்டது என்று நினைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் அலமாரி, மேசைக் கோப்புகளைத் திறந்து அட்டவணையைப் படிப்பது என் பழக்கம். நீளம், அகலம், உயரம், கனம், தட்டு எண்ணிக்கை என்று பெரும்பாலும் ஒரே வரிசைதான் கண்ணில் படும். அலமாரி என்கிற பெட்டியை இழுத்துப் பெரிதாக்க இது போதும். அலமாரியை வடிவமைக்கப் போதாது.

எண்ணுக்கு ஊர் எது?

ஒரு மரச்சாமானில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள் கிடையாது. என் கணக்கில் நான்கு இடங்களிலிருந்து வருகின்றன: உடம்பு, பலகை, கடைச் சாமான், அறை.

உடம்பிலிருந்து வருவது நாற்காலியின் இருக்கை உயரம், மேசை உயரம் போன்றவை. சாப்பாட்டு மேசை 1200 மி.மீ. நீளமோ 2400 நீளமோ, உயரம் 750ஐ ஒட்டித்தான் நிற்கும். உட்காருகிற ஆளின் கால் நீளவில்லையே. இதை நீளத்தோடு விகிதமாகக் கட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாடல் நீளத்தை மாற்றும்போது அழகாகத்தான் இருக்கும், உட்கார்ந்து பார்க்கும்வரை.

பலகையிலிருந்து வருவது கனமும் ஷீட் அளவும். 18 மி.மீ. என்று பில் போட்ட பிளைவுட்டைக் காலிப்பரில் பிடித்தால் 17.4 காட்டலாம். காடியை 18க்கு வெட்டியிருந்தால் தட்டு லொடலொடவென்று ஆடும். அதே பலகையின் இரண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் 19.4 ஆகிவிடும், அதே காடிக்குள் போகவே போகாது. அதனால் 'கனம்' என்று ஒரே ஒரு பாராமீட்டர் போதாது. வெறும் பலகைக் கனம், ஒட்டி முடித்த கனம் என இரண்டு வேணும். காடியின் அகலம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு போகணும். பாராமீட்டர் வேலைக்கு உண்மையான பலன் கிடைக்கிற இடம் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவேன். பலகை பட்டறைக்கு வந்து சேரும்வரை அதன் கனம் நமக்குத் தெரியாது. வந்த பிறகு அளந்து, ஒரு எண்ணை மாற்றினால் வெட்டுப் பட்டியல் முழுக்க மாறிவிடணும்.

ஷீட் அளவு இன்னும் சுவாரசியம். 8க்கு 4 அடி ஷீட் என்பது 2440க்கு 1220 மி.மீ. அதிலிருந்து 300 மி.மீ. ஆழத் தட்டுக்கு நீளவாக்கில் நான்கு பட்டை எடுக்கலாம். 1200, கூடவே ரம்பம் தின்கிற 3 மி.மீ. வீதம் மூன்று வெட்டுக்கு 9, ஆக 1209. இன்னும் 11 மி.மீ. மிச்சம். இப்போது வாடிக்கையாளர் ஆழத்தைச் சும்மா ஒரு 10 மி.மீ. கூட்டுங்க என்கிறார். 310 வீதம் நான்கு என்றால் 1240, ஷீட்டில் கொள்ளாது. மூன்று பட்டைதான் வரும், 281 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டு ஓரமாக நிற்கும். திரையில் 300க்கும் 310க்கும் வித்தியாசமே தெரியாது. மரக்கடை பில்லில் தெரியும்.

மூன்றாவது ஊர், கடைச் சாமான். டிராயர் சேனல் பொதுவாக 50 மி.மீ. படிகளில் கிடைக்கும்: 350, 400, 450, 500 என்று. சேனலுக்குப் பின்னால் 20 மி.மீ. விடுவதாக வைத்துக்கொண்டால், 480 ஆழ அலமாரியில் 450 சேனல் உட்காரும். ஆழத்தை 460 ஆக்கினால் 400 சேனல்தான் போட முடியும். அலமாரி 20 குறைந்தால் டிராயர் 50 குறைகிறது. அகலவாக்கில் சேனலுக்குப் பக்கத்துக்குச் சுமார் 13 மி.மீ. விடணும். அதனால் 450 திறப்புக்கு 424 பெட்டி. ஐரோப்பிய அலமாரிகளின் 32 மி.மீ. முறையும் இதே கதைதான். 5 மி.மீ. துளைகள் 32 மி.மீ. இடைவெளியில், முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ. தள்ளி வரிசையாக வரும். பக்கப்பலகை உயரத்தை நம் இஷ்டத்துக்கு 10 மி.மீ. ஏற்றினால் துளை வரிசை கூடவே நீளாது. அடுத்த துளைக்கு 32 சேர்ந்தால்தான் இடம்.

நான்காவது, அறை. சுவரிலிருந்து சுவர்வரை உள்ள தூரம், ஜன்னல் அடிக்கட்டை, மின் பாயின்ட். நிஜமாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும் எண்கள் இவைதான். நல்ல மாடலில் இவை மட்டுமே வெளியே திறந்து இருக்கணும். மற்றவை உள்ளே பூட்டியோ, கணக்காகவோ இருக்கணும்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மாடல்

இதையெல்லாம் எழுத முடியாதா என்றால், தாராளமாக எழுதலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் புத்தகத் தட்டுக்கு நான் 750 மி.மீ.ஐத் தாண்டுவதில்லை. அப்படியானால் அறைகளின் எண்ணிக்கை என்பது நான் கையால் நிரப்பும் பாராமீட்டராகவே இருக்கக்கூடாது. உள் அகலத்தை 750ஆல் வகுத்து மேல்முழு எண்ணுக்கு ஏற்றினால் கிடைப்பதுதான் அது. உள் அகலம் 1500 என்றால் இரண்டு அறை. நடுத்தடுப்புக்கு 18 போக ஒவ்வொன்றும் 741. சேனல் நீளத்துக்கு ஆழத்தில் 20 கழித்து, 50இன் கீழ்மடங்குக்கு இறக்கணும். மேல்முழு, கீழ்முழு எண் காணும் செயல்கள் ஃப்ரீகேடின் சூத்திரங்களிலும் இருக்கின்றன, ஃப்யூஷனிலும் இருக்கின்றன. தேவைப்படுவது இரண்டு வரி.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. உள் அகலம் 750இல் ஒரே அறை. 760 ஆக்கினால் நடுத்தடுப்பு முளைத்து, 371 அகலத்தில் இரண்டு ஒடுக்கமான அறை ஆகிவிடும். கணக்குப்படி சரி, பார்வைக்கு அது வேற அலமாரி. இந்த இடத்தில் மாடல் தானாகத் தடுப்பைப் போட்டுவிட்டுப் போவதைவிட, இங்கே ஒரு எல்லை இருக்கிறது என்று சொல்லி நிற்பதுதான் நல்லது. தாண்டணுமா, அகலத்தை 750லேயே வைத்துக்கொள்ளலாமா, முன்பக்கம் ஒரு பட்டி கொடுத்துத் தட்டை விறைப்பாக்கலாமா என்பது வடிவமைப்பவர் உட்கார்ந்து யோசிக்கவேண்டியது. சூத்திரத்துக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாது.

இன்னொரு தொழில்நுட்பத் தொல்லையையும் சொல்லணும். ஃப்ரீகேடில் ரொம்ப நாளாகப் பேசப்பட்ட குறை, பரப்புகளின் பெயர் மாறிப்போவது. ஆறாவது பரப்பில் கீல் துளை போட்டிருப்போம். நடுவில் ஒரு தட்டைச் சேர்த்ததும் எண்ணிக்கை மாறி, துளை வேறொரு பலகைக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு தணித்திருக்கிறது. இருந்தாலும் துளையைப் பரப்பின்மேல் ஒட்டாமல், மூலத் தளங்களின்மேலோ ஒரே தலைமை ஸ்கெட்ச்சின்மேலோ நிறுத்துவது எந்த மென்பொருளிலும் நல்ல பழக்கம். தச்சர்கள் ஒரு ரீப்பர் கட்டையில் எல்லாத் தட்டு உயரத்தையும் ஒரே தடவை குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கப்பலகைக்கும் அந்தக் கட்டையிலிருந்தே மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டேப்பை ஒவ்வொரு முறையும் பிடிக்கமாட்டார்கள். தலைமை ஸ்கெட்ச் என்பது அந்தக் கட்டைதான்.

யார் தலையில் விழுகிறது?

பாராமீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே ஒரு முக்காலி செய்யணும் என்றால் நேரடியாக வரைந்துவிடுவது சீக்கிரம் முடியும். அதே குடும்பத்தில் பத்து அலமாரி, பத்து வெவ்வேறு சுவருக்கு என்றால் பாராமீட்டர் இல்லாமல் சமாளிப்பது பெரும்பாடு. என் மனத்தாங்கல், 'மாற்றுவது சுலபம்' என்ற விளம்பரத்தின்மேல். சுலபமானது திரையில் நடக்கும் மாற்றம் மட்டும்தான். படம் மாறியதும் வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். கூடுதல் ஷீட் செலவும், பொருந்தாத சேனலும், ஆறு மாதம் கழித்துத் தொய்ந்த தட்டும் பட்டறையில் இருப்பவர் கணக்கில் விழுகின்றன. 'தச்சர் சரியா செய்யல' என்ற பேச்சும் அவருக்கே. அட்டவணையில் எல்லையை எழுதாத நம்மை யாரும் கேட்பதில்லை.

அதனால் அட்டவணைக்கு நான் நான்கு பத்தி வைக்கச் சொல்வேன்: பெயர், மதிப்பு, எண் எங்கிருந்து வந்தது, எதிலிருந்து எதுவரை போகலாம். ஃப்யூஷனில் குறிப்பு எழுத ஒரு பத்தி ஏற்கனவே காலியாகத்தான் கிடக்கிறது. ஃப்ரீகேட் விரிதாளில் பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும் நமக்கே அது உதவும்.

அடுத்த தடவை ஒரு அலமாரிக் கோப்பைத் தரவிறக்கினால் மூன்று சோதனை செய்து பாருங்க. கனத்தை 17.4 ஆக்குங்கள், காடி கூடவே சுருங்குகிறதா? அகலத்தை இரட்டிப்பாக்குங்கள், தடுப்போ எச்சரிக்கையோ வருகிறதா? ஆழத்தை 300லிருந்து 310 ஆக்குங்கள். ஷீட் கணக்கு மாறியதை எங்கேயாவது சொல்கிறதா? முதல் சோதனையில் தேறும் கோப்புகள் நிறைய உண்டு. மூன்றிலும் தேறும் கோப்பு ஒன்று உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், அதைப் பிரித்துப் பார்த்து அடுத்த குறிப்பை எழுதுகிறேன்.