விண்ணின் கண்ணும் கிள்ளான் கொசுவும்

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காப்பது மேல் என்பதை மறுப்பார் இல்லை. நோயின் வரவை முன்கூட்டியே அறிவிக்க இன்று துணைக்கோள்கள் துணைக்கு வந்துள்ளன. நிலத்தின் வெப்பம், பெய்த மழை, செடிகொடிகளின் பசுமை, தேங்கிய நீர் ஆகியவற்றை அவை வானிலிருந்து அளந்து தருகின்றன. அவ்வளவுகளைக் கொண்டு, எந்த வட்டாரத்தில் கொசு பெருகும், எங்கே காய்ச்சல் பரவும் என்று பல வாரங்களுக்கு முன்னரே கணிக்கலாம் என்பது ஆய்வாளர் கூற்று. அக்கூற்றை உரைத்துப் பார்க்க ஏற்ற உரைகல் ஒன்று கிள்ளானில் பிறந்திருக்கிறது. 1911இல் டாக்டர் மால்கம் வாட்சன் வெளியிட்ட, கூட்டு மலாய் மாநிலங்களின் மலேரியாத் தடுப்பைப் பற்றிய நூலே அது.

கணிப்பின் அடிப்படை எளியது. வெப்பமான நாட்களில் ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்கள் போதும். வெப்பம் ஓரளவு கூடினால், கொசுவின் உடலில் நோய்க்கிருமி முதிரும் காலமும் குறைகிறது. ஆகவே இன்று பெய்யும் மழையும் அடிக்கும் வெயிலும் சில வாரங்கள் கழித்து வரக்கூடிய காய்ச்சலுக்கு முன்னறிகுறிகளாகின்றன.

ஆனால், நிலத்தின் தோற்றத்தை மட்டும் கண்டு கொசுவை அறிந்துவிட முடியுமா? இங்கேதான் வாட்சனின் அனுபவம் கைகொடுக்கிறது. அவர் 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். காய்ச்சல் ஊரையும் துறைமுகத்தையும் ஒருங்கே வாட்டியது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டப்பட்டது, காடு திருத்தப்பட்டது. கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுடன் மருத்துவமனைக்கு வந்தோர் 1901இல் 334 பேர். 1902இல் 129 பேர். 1903இல் 48 பேர். 1905இல் அத்தொகை 12 ஆகக் குறைந்தது.

இந்த வெற்றிக்குப் பின் வந்த தோல்வியையும் மறைக்காமல் எழுதியதே நூலின் பெருமை. தாழ்நிலத்தில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்பிரோசஸ், நிழல் படிந்த சதுப்புநீரை நாடும் கொசு. காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது ஒழிந்தது. குன்றுப்புறத் தோட்டங்களிலோ அதே முறை பலிக்கவில்லை. அங்கிருந்த அனோபிலிஸ் மாக்குலேட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காட்டை வெட்ட வெட்ட அதற்கு இடம் பெருகியது. தாழ்நிலத்தில் காப்பாக இருந்த வெட்டவெளி, குன்றுப்புறத்தில் ஆபத்தாக மாறியது. படத்தில் இரண்டும் வெட்டவெளிதான். எந்த நிலத்தில் எந்தக் கொசு என்பதை அறியாதவனுக்கு எவ்வளவு தெளிவான படமும் தவறான விடையையே தரும்.

இனி இன்றைய டிங்கியைக் காண்போம். 2019இல் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு அந்நோய் கண்டது. 182 பேர் இறந்தனர். நோயாளிகள் மிகுந்த மாநிலம் சிலாங்கூர். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் வாழ்வது சதுப்பில் அன்று. வீட்டைச் சுற்றியுள்ள வாளி, பூச்சாடித் தட்டு, பழைய டயர், அடைத்த கூரைத் தாழி, கட்டுமானத் தளத்துக் குழி ஆகியவற்றில். மழையளக்கும் துணைக்கோள் தரும் கட்டம் ஒன்று ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் அகலமுடையது. பிரிக்பீல்ட்ஸும் அதை அடுத்த பங்சாரும் அதனுள் ஒன்றாய் அடங்கிவிடும். நிலத்தைப் படமெடுக்கும் சென்டினல் துணைக்கோளின் மிக நுண்ணிய புள்ளியும் பத்து மீட்டர் அகலம். அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் இருக்கும் வாளி அதற்குத் தெரியாது. மேகம் மூடிய நாளில் அந்தப் படமும் இல்லை. மழை பெய்தால் கொசு பெருகும் என்பதும் முழு உண்மையன்று. பெருமழை புழுக்களை அடித்துச் செல்வதும் உண்டு. வறட்சியில் மக்கள் நீரைச் சேமிக்க, அதில் கொசு பெருகுவதும் உண்டு.

இதனால் துணைக்கோள் பயனற்றது என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. கொசுவின் இருப்பிடம் நிலப்பரப்போடு ஒன்றிய இடத்தில் அது நன்கு உதவுகிறது. சபாவில் கூடாட் வட்டாரத்தில், காடு அழிந்த இடங்களை அடுத்த ஊர்களில் குரங்கு மலேரியா மிகுந்திருப்பதைத் துணைக்கோள் படங்களின் துணையால் ஆய்வாளர் காட்டியுள்ளனர். டிங்கியிலும், ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொதுவான எச்சரிக்கை சில வாரங்கள் முன்னதாகக் கிடைப்பது பெரும்பயனே. ஆட்களையும் மருந்தையும் ஆயத்தம் செய்ய அது போதும். எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்குச் செல்வது என்பதை மட்டும் கொசுப்புழுவைத் தேடிச் செல்லும் பணியாளர்தாம் சொல்ல முடியும்.

வாட்சனின் கணக்கில் இன்னொரு வரிசையும் உண்டு. கிள்ளான் நகரமும் துறைமுகமும் நீங்கலாக, மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து மலேரியாவுடன் வந்தோர் 1901இல் 197 பேர். 1905இல் 353 பேர். ரப்பர்த் தோட்டங்கள் பெருகித் தொழிலாளர் வந்து குவிந்த காலம் அது. அவர்களுள் தமிழர் பலர். காய்ச்சல் எதனால் வருகிறது என்பது அப்போது தெரியாததன்று. நகரத்தைக் காத்த வடிகால் நகர எல்லையோடு நின்றது. நோயை முன்னறிவிக்கும் எந்தக் கருவிக்கும் இந்த 353 என்னும் எண்ணே அளவுகோல். எச்சரிக்கை கிடைத்த பின்பு அதிகாரிகளின் கால்கள் எந்த எல்லைவரை செல்கின்றன என்பதைக் கொண்டே அக்கருவியின் பயனை மதிப்பிட வேண்டும்.