கணக்கில் சேராத செலவு

விளைபொருளைக் குறைந்த செலவிற் சந்தைக்குச் சேர்க்கும் வழியைக் கணினி மென்பொருள் வகுத்துத் தரும் என்பது இன்று பெரிதும் போற்றப்படும் கருத்தாகும். 1939இல் சோவியத் கணிதவியலாளர் கன்ரரோவிச்சும் 1947இல் அமெரிக்கரான டான்ற்சிக்கும் இட்ட அடித்தளத்தின் மீதே இத்துறை வளர்ந்தது. எனினும், கணக்கு விடை தருமேயன்றி, யாருடைய செலவைக் குறைப்பது என்ற வினாவை எழுப்பாது.

மாத்தளை மாவட்டத்திலே, 1999இல் தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இதற்குத் தக்க சான்றாகும். பல மாவட்டங்களின் மரக்கறிகள் இங்கு வந்து நாடெங்கும் பிரிந்து செல்கின்றன. சாக்குகளில் திணித்து அடுக்கினால் லொறியிற் கூடிய எடை ஏறும். ஆயின் அடியிலுள்ளவை நசுங்கும். பிளாஸ்ரிக் கூடைகள் சேதத்தைத் தடுக்கும்; ஆயின் இடத்தை அடைக்கும், வெறுங்கூடைகளைத் திருப்பியனுப்பவும் வேண்டும். 2011 டிசம்பரில் அரசு கூடைகளைக் கட்டாயமாக்கியபோது விவசாயிகளும் வணிகரும் எதிர்த்தனர். அதனை அறியாமையென ஒதுக்குதல் பொருந்தாது. சேதம் குறைவதன் நன்மை நுகர்வோர்வரை பரவக்கூடியது. கூடைக்கான செலவோ முதலில் அவர்கள் தலையிலேயே விழுவது.

லொறி வாடகை எளிதில் எண்ணாகிவிடும். நசுங்கிய தக்காளியில் அடங்கிய உழைப்பை யாரேனும் எண்ணாக்கிக் கொடுத்தாலன்றி மென்பொருள் அதனை அறியாது. ஆகவே, ‘குறைந்த செலவு’ எனும் தீர்ப்பை ஏற்குமுன், அக்கணக்கை யார் எழுதினார் என வினவுதல் ஆய்வாளர் கடனாகும்.