கண்ட கண்ணும் எழுதிய கையும்

புகழ்பெற்றோரைச் சிறு வயதில் தற்செயலாகக் கண்ட நிகழ்ச்சியை எழுதிவைத்தோர் பலர். ஆனால் பெரியவரைப் பற்றிச் சொல்ல வந்தவர், சிறிது தூரம் சென்றதுமே தம்மைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். 'நீ பெரிய ஆளாக வருவாய்' என்று அவர் அன்றே வாழ்த்தினார் என்னும் செய்தியும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. நினைவு எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எவ்வாறு? ஆங்கில இலக்கிய உலகிலிருந்து இரு சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் எழுதியது. 1786-87 குளிர்காலத்தில், உழவர் குடியில் பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எடின்பரோ நகருக்கு வந்திருந்தார். பேராசிரியர் பெர்கூசனின் இல்லத்தில் அறிஞர்கள் கூடியிருந்தனர். 15 வயது ஸ்காட்டும் மற்ற இளைஞரோடு வாய்திறவாமல் அமர்ந்திருந்தார். பனியில் மாண்டு கிடக்கும் போர்வீரன், ஒரு பக்கம் அவன் நாய், மறுபக்கம் கைக்குழந்தையோடு அவன் மனைவி என அமைந்த ஒரு படத்தைக் கண்டு கவிஞர் கண்ணீர் உகுத்தார். அதன்கீழ் இருந்த கவியடிகள் யாருடையவை என்று வினவினார். லாங்ஹார்ன் என்பவருடையவை என்பது அங்கே ஸ்காட் ஒருவருக்கே தெரிந்திருந்தது. அவர் அதனை நண்பர் ஒருவரின் காதில் சொல்ல, நண்பர் கவிஞருக்குத் தெரிவித்தார். கவிஞர் சிறுவனுக்கு ஒரு பார்வையும் ஒரு சொல்லும் பரிசாக அளித்தார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1827இல், ஸ்காட் இதனை எழுதியபோது அவர் ஐரோப்பா எங்கும் புகழ் பரவியவர். அந்த ஒரு சொல்லை வாழ்த்துரையாக வளர்த்திருந்தால் உலகம் மகிழ்ந்து ஏற்றிருக்கும். அவரோ அது வெறும் மரியாதைச் சொல் என்கிறார். இன்ன சொல் என்றுகூடக் குறிப்பிடவில்லை. பின்னர்த் தெருவில் கண்டபோது கவிஞர் தம்மை அறிந்துகொள்ளவில்லை என்பதையும் மறைக்கவில்லை. தம்மைச் சுருக்கிக்கொண்டவர், கவிஞரின் பெரிய கரிய கண்களையும், உணர்ச்சியோடு பேசுகையில் அவை கனன்றதையும் விரித்துரைக்கிறார். இங்கே எழுதிய கை, கண்ட கண்ணுக்குப் பணிந்து நிற்கிறது.

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் கேட் டக்ளஸ் விகின் 1912இல் வெளியிட்ட சிறுநூல். 1868இல் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்க நகரங்களில் தம் நூல்களை மேடையில் வாசித்துவந்தார். 11 வயதுச் சிறுமியான விகின் அவரை ரயிலில் கண்டாள். அருகிலிருந்தவர் எழுந்து சென்றதும் அந்த இடத்தில் போய் அமர்ந்துவிட்டாள். அவர் நூல்களைப் பலமுறை படித்ததாகவும், மிகவும் சலிப்பூட்டும் நீண்ட பகுதிகளை மட்டும் விட்டுவிடுவதாகவும் கூறினாள். டிக்கன்ஸ் வாய்விட்டுச் சிரித்து, குறிப்பேட்டை எடுத்து, எந்தெந்தப் பகுதிகள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம்.

44 ஆண்டுகளுக்குப் பின் ஓர் உரையாடலை இத்துணை நீளமாக நினைவுகூர இயலுமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. சொற்கள் சில, கைதேர்ந்த கதாசிரியரால் மெருகேற்றப்பட்டவையாகவே தோன்றுகின்றன. எனினும் நூலின் உயிர்நிலை பொய்யன்று என்பது நம் துணிபு. சோகக் கட்டங்களைச் சனிக்கிழமை இரவில் தங்கள் வீட்டில் படிப்பதில்லை, அழுது கண் வீங்கிவிட்டால் மறுநாள் ஞாயிறு பள்ளிக்குச் செல்ல முடியாது என்று அச்சிறுமி சொல்வதைப் பாருங்கள். இதில் புகழ் தேடும் நோக்கமே இல்லை. ஒரு குடும்பம் கூடிப் படித்த வாழ்க்கை இருக்கிறது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இதுவே: நினைவை எழுதுபவர் அன்றைய சிறுவனின் உயரத்திலேயே நிற்கிறாரா? நின்றால், அவர் காட்டும் பெரியவரும் உண்மையாகத் தெரிவார். குறை சொன்ன குழந்தையிடம் குறிப்பேட்டை விரித்த டிக்கன்ஸை எந்த விழாமேடையும் நமக்குக் காட்டியிராது.

இக்காலத்தில் பிரபலங்களைக் கண்டதும் நம் பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கின்றனர். அருகில் நின்றதற்கு அப்படம் சாட்சி. ஆனால் கண்டது என்ன என்பதை அது சொல்லாது. வீடு திரும்பும் பிள்ளையிடம் 'படம் எடுத்தாயா?' என்பதோடு நில்லாமல், 'அவர் என்ன செய்தார், எப்படிப் பேசினார்?' என்றும் கேட்போம். அக்கேள்விக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, நாளை உண்மையை எழுதும்.