குனிய வேண்டியவர் யார்?

திருநெல்வேலி டவுணிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் தாமிரபரணியைத் தாண்டும் பாலத்துக்குச் சுலோசன முதலியார் பாலம் என்று பெயர். 1843இல் திறந்த அந்தப் பாலத்தின் செலவை முதலியார் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். ஊர் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. இதே மாவட்டத்தில், களக்காட்டுப் பக்கம் டோனாவூரில், மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. தமக்குக் கல்வெட்டு வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், 1951இல் இறந்தபின் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை மட்டும் அங்கே வைத்தார்கள்.

நம் சபைப் பிரசங்கங்களில் தாழ்மைக்கு உதாரணமாக இரண்டாவதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பெயர் போட்டுக்கொள்வதும் போடாததும் இந்தக் குணத்தின் மேல்தோல்தான். முதலியாரின் பாலத்தில் நூற்று எண்பது வருஷமாக யார் யாரோ நடந்து அக்கரைக்குப் போயிருக்கிறார்கள். பிறரை முன்னிறுத்துவது என்பதை அந்தப் பயனை வைத்து எடைபோட்டால் பெயர்ப்பலகை பெரிய குறையில்லை. நம் ஆலயங்களில் 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தார்' என்று காணிக்கை அறிவிக்கும்போது அந்தக் குடும்பம் எதுவென்று கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிறிஸ்தவர்களின் தாழ்மைப் போதனைக்கு ஊற்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம். அதில் காட்டும் முன்மாதிரியைக் கவனிக்க வேண்டும். தெய்வத்துக்குச் சமமான இடத்தில் இருந்தவர் அந்த இடத்தை இறுகப் பற்றிக்கொள்ளாமல் அடிமையின் கோலம் எடுத்தார் என்கிறது அது. இறங்குவதற்கு உயரம் வேண்டும். அடிமையாகவே பிறந்தவனைப் பார்த்து 'இன்னும் இறங்கு' என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் கூட்டம் கூட்டமாகத் திருச்சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரார் ஏற்கெனவே கீழே தள்ளி வைத்திருந்தவர்கள். நாடார்கள் வந்தார்கள், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் வந்தார்கள். இறங்கு என்று அவர்களிடம் சொன்னால் எங்கே இறங்குவார்கள்?

தாழ்மையைப் பேசும் மொழி மட்டும் கப்பலேறி வந்ததில்லை. இதே ஆற்றின் கரையில் ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அடியாருக்கும் அடியாராகிக் கீழே கீழே இறங்கிப் போவதைப் பாடி வைத்திருக்கிறார். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தப் பக்தி மரபின் நடையிலேயே 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதி 1894இல் வெளியிட்டார். ஆக, சொல் நம் மண்ணிலேயே பழுத்தது. சொல்லோடு சேர்ந்து பழைய சங்கடமும் வந்தது. தெய்வத்தின் முன் எல்லோரும் அடியார். தெருவுக்கு வந்தால் அவரவர் இடம் அவரவருக்கு.

தாழ்மையின் பலமும் பலவீனமும் ஒரே ஆளிடம் எப்படிக் கூடி இருக்கும் என்பதற்கு மிஷனெரி கால்டுவெல்லைவிட நல்ல சாட்சி இல்லை. 1841இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்கு நடந்தே வந்தவர் அவர். மக்களைப் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த நடையின் நோக்கம். குதிரையிலோ பல்லக்கிலோ வந்திருக்கலாம். வந்து சேர்ந்த இடமோ தேரிமணலும் பனையும். அங்கே சுமார் ஐம்பது வருஷம் இருந்தார். அவர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தை 1880இல்தான் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. இதெல்லாம் உண்மையான இறக்கம். யாரும் குறை சொல்ல முடியாது.

அதே கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பிலேயே அவர்களை அன்று இழிவாக அழைத்த பெயர். உள்ளே, தம்மோடு தினமும் ஜெபித்த மக்களை அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தவர்களாக எடை போட்டிருந்தார். கால் மணலில் நடந்தது. பேனா மாடியில் உட்கார்ந்திருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உணவையும் உடையையும் வசதியையும் விட்டுக்கொடுக்கிற தாழ்மை, பிறரை எடைபோடும் உரிமையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தப் புத்தகம் நிரூபணம்.

அதைப் படித்துக் கொதித்தவர்களில் ஒருவர் நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்து விலக்கப்பட்ட அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை. அவர் 1857இல் பிரகாசபுரத்தில் மிஷனெரிகளின் கைக்கு வெளியே இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். வேதத்தை வைத்துக்கொண்டார், வெள்ளைக்காரரின் வழக்கங்களைத் தள்ளினார், ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்குக் கொண்டுபோனார். மிஷன் தரப்புக்கு அது அகங்காரமாகத் தெரிந்தது. இன்று படிக்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை. தன்னைக் கீழானவன் என்று எழுதிய புத்தகத்துக்குத் தலையாட்டுவது தாழ்மை ஆகாது; பொய்க்கு உடன்படுவது ஆகும். எதிர்ப்புகள் நின்றபாடில்லை. வயதான காலத்தில் கால்டுவெல்லே அந்தப் புத்தகத்திலிருந்து பின்வாங்க வேண்டி வந்தது. அவர் வாழ்க்கையின் கடினமான இறக்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும். சென்னையிலிருந்து நடந்தது எளிது.

டோனாவூருக்கு வருவோம். 1895இல் இந்தியா வந்த எமி கார்மைக்கேல் ஒரு தடவைகூடத் தம் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. சேலை உடுத்தார். 1901 முதல், கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட இருந்த பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தார். அங்கே ஊழியருக்குச் சம்பளம் கிடையாது. யாரிடமும் பணம் கேட்பதும் கிடையாது. வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் அக்காள், ஐரோப்பியப் பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. பதவிப் பெயர்களைத் தள்ளிவிட்டு உறவுப் பெயர்களால் ஒரு நிறுவனத்தை நடத்திய அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கழுவாத குழந்தையைக் கழுவுவது பிரசங்கம் செய்வதற்குக் குறைந்த வேலை இல்லை என்று அவர் சொல்லாமலே காட்டினார்.

அந்தத் தாழ்மையிலும் ஒரு முடிச்சு உண்டு. எல்லாவற்றையும் துறந்துவிட்ட தலைவரிடம் 'நீங்கள் சொல்வது தப்பு' என்று யார் சொல்வது? சம்பளம் வாங்கும் மேலாளரை எதிர்ப்பது சுலபம். தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாதவரை எதிர்த்தால் எதிர்க்கிறவர்தான் சுயநலக்காரராகத் தெரிவார். 1924இல் டோனாவூரில் சேர்ந்த ஸ்டீபன் நீல் வெகு சீக்கிரம் அங்கிருந்து விலகினார். பின்னாளில் திருநெல்வேலிப் பேராயர் ஆனவர் அவர். அம்மையார், நீல் இருவரில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு வழக்கு. தியாகம் தன்னையறியாமல் அதிகாரமாக உறைந்துபோக முடியும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். இன்றைய சுயாதீன ஊழியங்கள் பலவற்றில் 'எளிய ஊழியக்காரன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரிடம் கணக்குக் கேட்க முடியாமல் போவது இதே நோய்தான். தியாகம்கூட இல்லாமல் அதன் சொல்லை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முடிச்சைத் தெளிவாகப் பார்த்தவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா. 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், முப்பத்தைந்து வயதில், சபையோரைச் சங்கடப்படுத்திய ஒரு பேச்சைப் பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, நன்றியே சொன்னார். ஆனால் உடைமையையும் உயிரையும் கொடுக்கத் தயங்காதவர்கள், கூட வேலை செய்கிற இந்தியனோடு நண்பனாகப் பழகத் தயங்குகிறார்கள் என்று சொல்லி அந்த நட்பைக் கேட்டார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. எனக்குத் தெரிந்து, பிறரை முன்னிறுத்தும் வழக்கத்தின் மேல் வந்த ஆழமான விமரிசனம் அதுதான். கொடுக்கிறவன் எப்போதும் கொடுக்கிறவனாகவே இருந்தால் வாங்குகிறவன் எப்போதும் கீழேதான் நிற்பான். நட்பில் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும், கடன்பட வேண்டும், சில சமயம் தோற்கவும் வேண்டும்.

அசரியா பேச்சோடு நின்றவரும் இல்லை. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தில் முன்நின்றவர் அவர். இந்தியரின் பணம், இந்தியரின் ஆள், இந்தியரின் நிர்வாகம் என்று அது நடந்தது. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலையை விட்டுவிட்டுத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவரை அபிஷேகம் செய்தார்கள். குனிந்து நடந்தவர்தான், எடின்பரோவில் மட்டும் நிமிர்ந்து நின்றார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

வெறுமனே குனிவது தாழ்மை ஆகாது என்பதற்கு வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, 1872இல் இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டிய கோயில் அது. கால்சட்டைக் கோயில் என்று ஊரார் கேலி செய்தார்கள். சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரின் சடங்கு ஒவ்வொரு பெரிய வியாழனும் உலகமெங்கும் நடக்கிறது. அதைக் கொண்டாடும் சபைக்குள் அந்த அமைப்பு 1910 வரை நின்றது. அதை இடித்த பிறகு பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கேட்டு வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. அங்கே அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. இருபுறமும் நாற்பது வருஷம் போல முழங்காலிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முழங்கால் தாழ்மைக்குச் சாட்சி சொல்லாது.

சாட்சி சொல்லக்கூடியது எது என்று கேட்டால், நம் பக்கத்து அசனத்தைச் சொல்வேன். பிரதிஷ்டைப் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை நாட்களில் சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும் வழக்கம். ஒன்றாக உட்கார்ந்து உண்ண மாட்டோம் என்று சாதி சொன்ன ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. கால் கழுவும் சடங்கைவிட இது நல்லது என்பது என் கட்சி. அங்கே பன்னிரண்டு பேர் கால் நீட்டுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அசனத்தில் பார்வையாளர் கிடையாது.

ஆனாலும் கவனித்துப் பாருங்கள். முதல் பந்தியில் வாளி தூக்கிப் பரிமாறுகிறவர்களில் கமிட்டிக்காரர் இருப்பார், தேர்தலில் நிற்கப் போகிறவர் இருப்பார், போட்டோ எடுப்பவரும் இருப்பார். எச்சில் இலை எடுக்கிற நேரத்தில் கூட்டம் மெலிந்துவிடும். கடைசியில் அண்டா தேய்க்கிற இடத்தில் ஆலயப் பணியாளரான கோயில்குட்டியாரும் கூலிக்கு வந்த பெண்களும் நிற்பார்கள். பரிமாறுவதில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது, இலை எடுப்பதில் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் விலை போவதும் பெருமையின் கணக்குதான்; ஆனால் ஏலம் தன்னைத் தாழ்மை என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த நேர்மைக்காக அதை நான் மன்னித்துவிடுவேன்.

கைப்பிடி அரிசியில் இந்தப் பெருமைக்கு இடமே இல்லை. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொடுத்தால் அது ஊழியத்துக்குப் போகும். யாரும் பெயர் வாசிப்பதில்லை. அடுப்படி இருட்டில், தினமும், தானாக விரும்பிச் செய்வது. தாழ்மைக்கு ஒரு முழு வடிவம் உண்டென்றால் இதுதான் என்று ஒரு காலத்தில் எனக்குத் தோன்றும். பிறகு ஒரு கேள்வி வந்தது. அந்த ஒரு பிடி யாருடைய இலையில் குறையும்? கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவளின் இலையில்தான். ஏற்கெனவே கடைசியில் நிற்கிறவள் இன்னொரு அடி பின்னால் போவதை நாம் ஆவிக்குரிய மேன்மை என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் போதனை மனிதரைக் காயப்படுத்தும் இடமும் இதுதான். அடி வாங்கிக்கொண்டு வருகிற பெண்ணிடம் 'பொறுத்துப் போம்மா, சிலுவையைச் சுமக்கணும், தாழ்த்தினால் கர்த்தர் உயர்த்துவார்' என்று சொல்வது நம் சபைகளில் கேட்காத பேச்சு இல்லை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். குடும்பம் உடையக் கூடாது என்ற கவலையில் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் எடுக்கும் பிலிப்பியர் அதிகாரம் அவளுக்கு எழுதியது இல்லை. உயரத்தில் இருப்பவன் இறங்க வேண்டும் என்று சொல்லும் பகுதி அது. அந்த வீட்டில் உயரத்தில் இருப்பவன் அவள் கணவன். கணக்குக் கேட்காதே என்று சபையாரிடமும், சம்பளம் கேட்காதே என்று கோயில்குட்டியாரிடமும் தாழ்மையைப் பேசுவதற்கும் இதே பதில்தான். அந்தப் பிரசங்கத்தைப் பேச வேண்டிய இடம் நிர்வாகக் குழுவின் மேசை.

ஆகவே சேகர குருமாருக்கும் பெண்கள் ஐக்கியத்து அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு பெண் உங்களிடம் வந்தால் பிலிப்பியர் நிருபத்தை எடுத்துக்கொண்டு அவள் கணவனிடம் போங்கள். அவளிடம் வேறு இரண்டு விஷயம் சொல்லுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181.