பார்வதியின் காகிதமும் என் காகிதமும்

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தை நான் பார்த்தது வேலை போன இரண்டாவது மாதத்தில். பக்கத்தில் ஒரு ஹோம் நர்ஸிங் ஏஜென்சியின் விண்ணப்பத் தாள் நிரப்பப்படாமல் கிடந்தது. ஒன்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஷிஃப்ட் பார்த்த தனியார் மருத்துவமனை கைமாறியது. புதிய நிர்வாகம் ஆட்குறைப்பில் இறங்கியபோது, அனுபவத்தால் சம்பளம் கொஞ்சம் கூடியிருந்த செவிலியர்கள்தான் முதலில் வெளியே வந்தோம். ஆகவே இந்தப் படத்தை வேலை தேடுகிறவளின் கண்ணோடுதான் பார்த்தேன். இந்த விமர்சனத்தையும் அப்படியே வாசியுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம் இது. 2024இல் கிராண்ட் பிரி விருது பெற்றது. மும்பை மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மலையாளிச் செவிலியர் பிரபா, அனு. அங்கேயே சமையல் வேலை செய்யும் விதவை பார்வதி. இந்த மூவரின் கதை. செவிலியரைத் தேவதையாகவோ கவர்ச்சிப் பொருளாகவோ காட்டியே பழகிய நம் திரையில், இந்தப் படம் அவளை வேலை செய்பவளாகக் காட்டுகிறது. நஞ்சின் வாடைக்கு முகம் சுளிக்கும் பயிற்சி மாணவிகளைப் பிரபா அதட்டுகிறாள். மூன்று பிள்ளை பெற்ற இளம்பெண்ணுக்கு அனு சத்தமில்லாமல் கருத்தடை மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். இரண்டும் எனக்குத் தெரிந்த கைகள்.

ஆனால் என் மனம் பார்வதியிடம் போய் நின்றது. இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த வீட்டைக் கட்டட முதலாளி இடிக்கப் பார்க்கிறான். அந்த வீடு தன்னுடையது என்று காட்ட அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. இறந்துபோன கணவன் அதைப் பற்றி எதுவும் சொல்லி வைக்கவில்லை. கடைசியில் ரத்னகிரிப் பக்கம் தன் கடலோரக் கிராமத்துக்கே திரும்புகிறாள்.

இங்கேதான் எனக்குப் படத்தோடு முரண்பாடு. நிலையின்மை முழுவதையும் அது சமையல்காரியின் தலையில் இறக்கிவைத்துவிடுகிறது. செவிலியர் இருவருக்கும் காதலில்தான் தத்தளிப்பு. அனுவுக்கு வாடகை தட்டுப்படுகிறது, பிரபா கொடுத்து உதவுகிறாள். வேலை போகுமோ என்ற பயம் மட்டும் யாருக்கும் வரவில்லை. நாங்கள் வாழ்கிற வாழ்க்கை அப்படி இல்லை. 2020 மார்ச் 22 அன்று நாடே கை தட்டியது. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. அதில் முடிவுத் தேதியும் இருந்தது.

தனியார் துறைக்கு வருவோம். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் அமைந்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியத்துக்குப் பரிந்துரை தந்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதுவே பரிந்துரையாகத்தான் நிற்கிறது. அந்தக் கணக்கு படுக்கைகளை எண்ணுகிறது. ஏஜென்சி என்னை அனுப்பப் போவதோ ஒரே ஒரு கட்டில் உள்ள வீட்டுக்கு. அந்த வீடு எந்தக் கணக்கிலும் வராது.

ஏஜென்சியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். குடும்பம் ஏஜென்சிக்குப் பணம் கட்டும், ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு எனக்குத் தரும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, அல்லது தங்கி வேலை. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்து வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னார்: "வீட்டுப் பொண்ணு மாதிரி அனுசரிச்சுப் போகணும் சிஸ்டர்."

இந்த 'மாதிரி'தான் சிக்கல். வீட்டுப் பெண்ணுக்கு வேலை நேரம் கிடையாது, சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. படத்தின் உச்சக்காட்சியும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. கடலில் அடித்துவரப்பட்ட ஒருவனுக்குப் பிரபா உயிர் கொடுக்கிறாள். மருத்துவமனைக்கு வெளியே அவள் செய்கிற ஒரே சிகிச்சை அதுதான். உடனே அவன் அவள் புருஷன் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. நான்கு சுவருக்குள் ஓர் ஆண் உடலைத் துடைத்துவிடுகிறவள் மனைவியாகத்தானே இருக்க முடியும்? படமும் அந்த நினைப்பின் பின்னாலேயே போய், அவனை ஜெர்மனியில் இருக்கும் கணவனாக்கிவிடுகிறது. அழகான காட்சி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உழைப்பு உறவாக மாறும் அந்த நொடியில்தான் கூலி காணாமல் போகிறது.

ஆனால் கூட வரச் சொல்லும் அவனிடம் பிரபா மறுத்துவிடுகிறாள். இனி உன்னைப் பார்க்கவே விரும்பவில்லை என்கிறாள். படத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மறுப்பைத்தான்.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனேன். சர்டிபிகேட் நகல் மட்டும்தான் தருவேன், பகல் டியூட்டி மட்டும், நோயாளிக்கான வேலை என்னென்ன என்று எழுத்தில் வேண்டும் என்றேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடும் பணியிடம்தான், பாலியல் தொல்லை நேர்ந்தால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம் என்பதையும் சொல்லி வைத்தேன். "சமைக்க மாட்டேன்" என்றும் எழுதினேன். எழுதிய பிறகு கை நின்றது. என் அம்மா சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்துதான் என்னை நர்ஸிங் படிக்கவைத்தார். 'நான் சமையல்காரி இல்லை' என்று காட்டிக்கொள்ளும் வேகம் அந்த வரியில் இருந்தது. பிரபாவுக்கும் பார்வதிக்கும் நடுவே படம் போட்ட கோட்டை நானும் போட்டிருந்தேன். அடித்துவிட்டு, "சமையல் தனி வேலை, அதற்குத் தனி ஆளும் தனிச் சம்பளமும் வேண்டும்" என்று திருத்தினேன்.

கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை. நகைக்கடன் தவணை அடுத்த வாரம். தவணை நெருங்க நெருங்க அந்த வரிகளில் எதையாவது நானே அடித்துவிடக்கூடும். தனியாக உட்கார்ந்து எழுதிய நிபந்தனைக்கு அவ்வளவுதான் பலம். அதனால்தான் அந்தத் தாளை, என்னோடு வேலை இழந்த தோழிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன்.