நம்பியார் ஏன் கையைப் பிசைகிறார்?

மிமிக்ரி நிகழ்ச்சி எதற்காவது போயிருப்பீர்கள். சிவாஜி வருவார், எம்.ஆர்.ராதா வருவார், கட்டாயம் நம்பியார் வருவார். தலையைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நாலடி நடந்தால் போதும், அரங்கு அதிரும். நிஜத்தில் அந்த மனிதர் சுத்த சைவம், வருஷாவருஷம் சபரிமலைக்குப் போன குருசாமி. அதையும் சொல்லிச் சிரிப்போம்.

அவர் சொத்தை அபகரிக்கத் திட்டம் போடும்போதும் கையைப் பிசைந்திருக்கிறார். ஆனால் நம் நினைவில் தங்கியது எந்தக் காட்சி? எதிரே சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கும் காட்சி. மிமிக்ரிக்காரர்கள் செய்ததெல்லாம், அந்தப் பெண்ணை மட்டும் கழித்துவிட்டது. அவள் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது ஒரு கோணங்கி நடை. குழந்தைகளே செய்து காட்டும்.

ஆகவே, 'இதெல்லாம் சிரிக்கிற விஷயமாய்யா?' என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ரொம்ப வருஷமாகச் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்டு எடுத்த ஒரு குட்டிப் படம் 2013 செப்டம்பரில் யூடியூபில் வந்தது. மும்பையின் ஏ.ஐ.பி. என்ற காமெடி குழு எடுத்தது. சுமார் மூன்றரை நிமிஷம். தலைப்பின் அர்த்தம், 'தப்பு உன்னோடதுதான்'. நடித்தவர்கள் ஜூஹி பாண்டே, கல்கி கோச்லின். (கல்கி நம்ம புதுச்சேரியில் பிறந்தவர். தமிழ் பேசுவார்.)

அது வந்த நேரத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவியைச் சிதைத்தார்கள். நாடு கொதித்தது. கூடவே அறிவுரைகளும் கொட்டின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஹரியானாவில் ஒரு காப் பஞ்சாயத்துக்காரர், பலாத்காரங்களுக்கு சௌமீன் நூடுல்ஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார். ஹார்மோன் கெட்டுப்போகிறதாம். 2013 ஜனவரியில் சாமியார் ஆசாராம் பாபு, அந்தப் பெண் அவர்களை 'அண்ணா' என்று கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கலாம், ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிறுமியை பலாத்காரம் செய்த புகாரில் அவரே கைதானார். 2018-ல் ஆயுள் தண்டனை. நையாண்டி எழுதுகிறவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிற மாதிரி நிஜமே இப்படி இருந்தால் என்னதான் செய்வது?

ஏ.ஐ.பி. எதையும் மிகைப்படுத்தவில்லை. பெரியவர்கள் சொன்னதையே எடுத்து, சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒரு சிரித்த முகத்தின் வாயில் போட்டார்கள். ஸ்கர்ட் போட்டால் பலாத்காரம் நடக்கும், ஏனென்றால் ஆண்களுக்குக் கண் இருக்கிறது என்று கல்கி விஞ்ஞானம் சொல்கிறார். ஆண்களைத் தூண்டும் உடைகள் எவை என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். விண்வெளி வீராங்கனை உடைவரை போகிறது. 'அண்ணா' மந்திரமும் வருகிறது. பலாத்காரத்தால் அவமானப்பட்டு அலுத்துவிட்டதா, போலீஸ் ஸ்டேஷன் போங்கள், அவர்களும் அவமானப்படுத்துவார்கள் என்று ஒரு டிப்ஸ். இதையெல்லாம் சொல்லச் சொல்ல, இரண்டு பெண்களின் முகத்திலும் காயங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சிரிப்பு மட்டும் மாறுவதில்லை. நாம் சிரிப்பதை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பது அவரவர் மனசாட்சி.

நம்பியார் மிமிக்ரிக்கு நேர் எதிர் இது. அங்கே பெண்ணைக் கழித்துவிட்டு ஆணின் சேஷ்டையை வைத்துக்கொண்டார்கள். இங்கே குற்றவாளி அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை. அவனுக்காக வக்கீலாக வாதாடுகிற ஊர்தான் கூண்டில் நிற்கிறது. அந்த வாதம் நமக்குப் புதுசா என்ன? சேலை மேல் முள் விழுந்தாலும், முள் மேல் சேலை விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வைத்திருக்கிறோம். முள்ளைக் கேள்வி கேட்டு ஒரு பழமொழி எனக்குத் தெரிந்து கிடையாது. 'கற்பழிப்பு' என்ற வார்த்தையையே பாருங்கள். செய்தவன் ஒருத்தன். ஆனால் வார்த்தை பேசுவது முழுக்க அவள் இழந்ததைப் பற்றி.

படத்திலேயே கூர்மையான இடம், கணவன் செய்தால் அது பலாத்காரம் ஆகாது என்று சட்டத்துக்கு நன்றி சொல்கிற இடம். 2013 ஜனவரியில் நீதிபதி வர்மா கமிட்டி இந்த விதிவிலக்கை எடுத்துவிடச் சொன்னது. அரசு எடுக்கவில்லை. 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பெயர் மாறியது, எண் மாறியது, மனைவிக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தால் கணவனுக்கான விதிவிலக்கு பத்திரமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தாலிக்கு அழிரப்பர் வேலை கொடுப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. 1989-ல் பார்த்திபனின் 'புதிய பாதை'யில், தன்னைக் கெடுத்தவனையே தேடி வந்து, கல்யாணம் செய்துகொண்டு திருத்துகிறாள் நாயகி. நன்றாக எடுத்த படம்தான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கொடுத்தார்கள். சினிமாதானே என்று விட்டுவிடலாம். ஆனால் 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், சிறுமியை பலாத்காரம் செய்து தண்டனை பெற்றவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசிப் பார்க்க ஜாமீன் கொடுத்தார். அந்தப் பெண், முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த மாதிரி வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் கண்டித்தது. ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

சரி, இவ்வளவு புகழ்ந்தபிறகு ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஏ.ஐ.பி. படம் குத்துவது யாரை? சாமியார், பஞ்சாயத்துத் தலைவர், போலீஸ். இங்கிலீஷில் யூடியூப் பார்க்கிற நகரத்து இளைஞன் இவர்களை ஏற்கெனவே மதிப்பதில்லை. அவன் சிரிக்கும்போது அவன் மேல் ஒரு கீறலும் விழுவதில்லை. 'அந்த ஆளுங்க அப்படித்தான்' என்று ஷேர் செய்துவிட்டுத் தூங்கிவிடலாம்.

2015 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏமி ஷூமர் தன் டிவி நிகழ்ச்சியில் போட்ட ஒரு குறுநாடகம் இந்த வசதியைக் கொடுப்பதில்லை. கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஒரு சின்ன ஊர். (நம் ஊர் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்வார்களே, அது.) புதுக் கோச் வந்து, 'இனி பலாத்காரம் கூடாது' என்று ஒரு விதி போடுகிறார். பையன்களுக்குக் குழப்பம். வெளியூர் மேட்ச்சிலாவது பண்ணலாமா சார்? எங்கம்மாதான் இந்த ஊர் அரசு வக்கீல், கேஸ் போட மாட்டாங்க, அப்பவுமா கூடாது? ஊரே கோச்சின் மேல் கோபப்படுகிறது. இடைவேளையில், தோற்றுக்கொண்டிருக்கிற டீமுக்கு அதே கோச் ஆவேசமாக ஒரு பிரசங்கம் செய்கிறார். கால்பந்து என்பதே, நீ வேண்டுவதற்குக் குறுக்கே நிற்பவர்களை அடித்து அடக்கி எடுத்துக்கொள்வதுதான் என்று. நல்லவரான அவருக்கே, தான் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று உறைக்கவில்லை. ஓஹையோ மாநிலத்தின் ஸ்டூபன்வில்லில் பள்ளிக் கால்பந்து வீரர்கள் இரண்டு பேர் 2013-ல் பலாத்கார வழக்கில் தண்டனை பெற்றது அமெரிக்கர்களுக்கு அப்போது மறந்திருக்காது. இங்கே அடி வாங்குவது எங்கோ இருக்கும் சாமியார் இல்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி மைதானத்தில் கைதட்டும் அப்பா அம்மா.

ஏ.ஐ.பி.யின் கண்ணாடி தங்கள் அறைக்குள் திரும்பவில்லை என்பது 2018 அக்டோபரில் தெரிந்தது. மீ டூ அலையில், அவர்களோடு வேலை செய்த ஒரு காமெடியன் மீது பல பெண்கள் புகார் சொன்னார்கள். அந்தப் புகாரில் ஒன்று தங்கள் தலைவர்களில் ஒருவருக்கு முன்பே வந்தும், அந்த ஆளோடு தொடர்ந்து வேலை செய்ததை ஏ.ஐ.பி.யே அறிக்கை விட்டு ஒப்புக்கொண்டது. 2019 மே மாதத்தோடு குழு கிட்டத்தட்ட முடிந்துபோனது.

அப்படியானால் அந்தப் படம் பொய்யா என்று கேட்டார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியவர்கள் தேறாத பரீட்சையில் கேள்வித்தாள் சரியாகவே இருக்கலாம். நையாண்டி எழுதியவனுக்கு நல்லவன் என்று யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கத் தேவையில்லை. அதே சமயம், ஜோக்கை ரசித்த கையோடு அந்த சர்டிஃபிகேட்டை நாம் நீட்டிவிடுகிறோம் என்பதும் உண்மை.

மூன்றரை நிமிஷம்தான். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். விண்வெளி உடைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். 'அண்ணா'வுக்கும் சிரிப்பார்கள். கணவன் ஜோக் வரும்போது யார் சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.