கட்சி மாறிய பியானோ

பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கை ஜாஸ் மடிசஞ்சிகள் 'விலைபோனவர்' என்பார்கள். 11 வயதில் சிகாகோ சிம்ஃபனியுடன் மோட்ஸார்ட் வாசித்தவர், 1963-லிருந்து மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர், 1973-ல் 'ஹெட் ஹன்டர்ஸ்' என்று எலெக்ட்ரிக் ஃபங்க் போடலாமா? 1983-ல் 'ராக்கிட்'டில் டி.ஜே.யை விட்டு இசைத்தட்டைக் கீறலாமா?

நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அவருடைய 'வாட்டர்மெலன் மேன்' மெட்டை இரண்டு தரம் கேளுங்கள். 1962-ல் பியானோ, ட்ரம்பெட், சாக்ஸபோன் என்று சமர்த்தான ப்ளூஸ். 1973-ல் அதே மெட்டு, பீர் பாட்டிலை ஊதுவதில் (மத்திய ஆப்பிரிக்க பிக்மிகளின் பாணி!) துவங்கி மெள்ள நடக்கிறது. பிடிபடவே நேரமாகும். பிடிபட்டால் விடாது.

இந்தத் துணிச்சல் மைல்ஸிடம் வந்தது. ஒரு கச்சேரியில் ஹான்காக் தப்பான கார்டை அழுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாராம். மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தி ஊதிய ஸ்வரங்களில் தப்பே சரியாகிவிட்டது. ஹான்காக்கே பல தடவை சொன்ன கதை.

எல்லாமே தேறாது. 1978-ல் வோகோடரில் குரலைப் போட்டுப் பாடியதை ஒரு முறை கேட்டால் போதும். ஆனால் ஜோனி மிட்செல் பாடல்களை வைத்து 2007-ல் செய்த 'ரிவர்', மறு வருஷம் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அதில் பியானோ கம்மியாகத்தான் பேசுகிறது, பாடுகிறவர் மூச்சு விடும் இடம் பார்த்து.